தாய்மாமனைப் பிடித்துவைத்த பல்

கோயில் மணி அடித்தபோது என் வலது ஆள்காட்டி விரல் ரோசியின் வாய்க்குள் இருந்தது.

சாந்தோமில் காலை மணி அடித்தால் தெருவில் போகிறவர்கள் சற்று நிற்பார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஜெபம் சொல்ல வாயைத் திறப்பார்கள். என் அக்கா மகள் ரோசி மட்டும் வாயை மூடுவாள். மணியோசையைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒன்றரை வயதில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கடைசி மணியின் ரீங்காரம் கடல் பக்கம் போய் அடங்கும்வரை திறக்கமாட்டாள். உள்ளே என் விரல் இருப்பதை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, அவள் தலையை என் முழங்கால்களுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தேன். விரலில் சுற்றியிருந்த ஈரத்துணி பற்களுக்கு ஒரு தடையாகவே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை பின்வாசல் வழியாக வந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இன்னா சவரி, கொயந்தய நீ துன்றியா, உன்ன கொயந்த துன்னுதா?”

“பல்லு வெளக்கிவிடறேன்.”

“அதுக்கு ஏன் நீ அயுவுற?”

நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

சென்ற வார இதழில் பெஜவாடா ரயிலடியில் மலேரியாவோடு சுருண்டு படுத்திருந்தவனை, இந்த வாரம் ஒரு குழந்தையின் வாயில் விரல் மாட்டிக்கொண்டு தவிப்பவனாகப் பார்க்கும் வாசகர்களுக்குத் திகைப்பாக இருக்கலாம். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. நடுவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேல்பல் கணக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காய்ச்சல் விட்டதும் டிக்கெட் இல்லாமல் சென்ட்ரல்வரை வந்து, அங்கிருந்து நடந்தே சாந்தோம் சேர்ந்தேன். செருப்பு வழியில் எங்கோ போய்விட்டது. மதலேன் அக்கா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு தட்டு சோறு கொண்டுவந்து வைத்தாள். எங்கே போயிருந்தாய், ஏன் ஒரு கார்டு போடவில்லை என்று எதுவும் கேட்கவில்லை. அப்பா, அம்மா போனபிறகு எங்களில் மிச்சம் அவளும் நானும்தான்.

சோற்றுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து முறுக்கு கொடுத்தாள். அக்கா எதையும் ருசியாகச் சமைப்பாள், முறுக்கைத் தவிர. அது முறுக்கின் உருவத்தில் இருக்கும் வேறொரு பொருள். “இத்த வலயில கட்டி வுட்டா வல அடித்தரைக்குப் போவும்” என்று அஞ்சலை சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட வாத்தியாரான அத்தான் அதைக் காப்பியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். மற்றவர்கள் கடைவாய்ப்பல்லால் நசுக்க வேண்டும். முன்பல்லால் முயன்றவர்கள் பிறகு முயன்றதில்லை.

என் மூட்டையைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எந்த வீட்டிலும் அப்படித்தான் வைப்பேன். இரண்டு நாள் தூங்கியதும் கால் அரிக்க ஆரம்பித்தது. பம்பாயில் ஆள் எடுக்கிறார்கள் என்று ரயிலில் கேள்விப்பட்டிருந்தேன். மூட்டையைக் கட்டினேன்.

“நீ போகக் கூடாது” என்றாள் அக்கா.

“ஏன்?”

“ரோசிக்கு மேல்பல்லு மொதல்ல முளைச்சிருக்கு.”

குழந்தைக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வர வேண்டும், மேல்பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் என்று அது வித்தியாசம் பார்ப்பதில்லை. நான் அந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவன் அல்ல. ஆனால் மலேரியா வந்து எழுந்தவன் எதையும் கொஞ்சம் நம்புவான்.

“எப்போ முளைச்சுது?” என்றேன்.

“ஆடியில. ஆடியில உனக்கு ஏதாவது ஆச்சா?”

யோசித்தேன். குண்டக்கல்லில் ரயிலின் தப்பான பக்கம் இறங்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டது ஆடியில்தான்.

“பாத்தியா! ரெண்டாவது மேல்பல்லு ஆவணி. ஆவணியில?”

ஆவணியில் நாக்பூரில் என் பழைய மூட்டையை ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“மேல் கடைவாய்ப்பல்லு ஐப்பசி.”

ஐப்பசியில் மலேரியா. நாக்பூரில் நடந்தது சாந்தோமிலிருந்த ஒரு கைக்குழந்தைக்குத் தெரிந்திருக்கிறதே! அக்கா மாதத்தை மட்டும்தான் சொன்னாள், மற்றதையெல்லாம் நானேதான் எடுத்துக்கொடுத்தேன் என்பது அப்போது தோன்றவில்லை. அலைந்து திரிகிறவனுக்கு எந்த மாதத்தைச் சொன்னாலும் ஒரு கஷ்டம் கையில் இருக்கும்.

“இதுக்குப் பரிகாரம் உண்டா?”

உண்டாம். தாய்மாமன் தன் கையாலேயே அந்தப் பற்களைத் தினம் சுத்தம் செய்து காப்பாற்ற வேண்டும். பால்பல் இருபதும் முளைத்து முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஊர் என்றால் எதுவரை என்றும் அக்கா வகுத்துவைத்திருந்தாள். வடக்கே கூவம், தெற்கே அடையாறு, மேற்கே மாம்பலம் ரயில் தண்டவாளம். கிழக்கே கடல் இருப்பதால் அந்தப் பக்கம் அவளுக்குக் கவலையில்லை.

“இதை யாரு சொன்னது?”

“பெரியவங்க.”

“எந்தப் பெரியவங்க?”

“செத்துப்போனவங்க.”

அதற்கு மேல் யாரைப் போய்க் கேட்பது? அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூடநம்பிக்கை என்றால் பிரம்பை எடுக்கிற மனிதர். ஏதாவது சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் லேசாகக் குலுங்கியது. காற்று என்று நினைத்தேன்.

ரோசியின் வாயைத் திறந்து எண்ணினேன். பன்னிரண்டு இருந்தன. இன்னும் எட்டு. ஒரு வாரத்துக்கு ஒன்று வந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று மூட்டையை மறுபடி கதவருகே வைத்தேன். பல் முளைப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

வாயை வாடகைக்கு விட்டது

பல்லைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் எனக்கு நன்றாகவே தெரியும். அது நான் வேலை பார்த்த துறை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நழுவிய சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு பல்பொடிக்காரரிடம் சேர்ந்திருந்தேன். தியாகராய நகர்ப் பூங்கா வாசலில் அவர் கடை விரிப்பார். என் வேலை வாயைத் திறப்பது. விடியும்போதே என் பல் வரிசையில் இடது பாதிக்குக் கரியும் கடுக்காய்ச் சாறும் குழைத்துப் பூசிவிடுவார். நான் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும். அவர் தெருவில் போகிற எவனையோ கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிடுவார்.

“தம்பி, நீதான், இப்படி வா. வாயைத் திற. ஜனங்களே, நல்லாப் பாருங்க. இது வாயா, ஜலதாரையா?”

ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள். சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். கரிக்கு வாசனையே கிடையாது, இருந்தாலும் பிடித்துக்கொள்வார்கள். அவர் பொடியைப் போட்டு அழுத்தித் தேய்ப்பார். பூச்சு போய் வெள்ளை தெரியும். எல்லாரும் ஆகா என்பார்கள். நானும் ஆகா என்று சொல்ல வேண்டும்.

பூசியது கலையக் கூடாது என்பதால் கடைசிக் கூட்டம் கலையும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாத அந்த நாட்களில் இது ஒரு வசதி. பட்டினி கிடப்பதற்கு உத்தியோகபூர்வமான ஒரு காரணம் கிடைத்தது.

பொடியில் செங்கல்தூளும் சுண்ணாம்புக் கட்டியும் கொஞ்சம் கற்பூரமும் இருந்தன. முதலில் கரி மட்டும் போனது. பிறகு பல்லின் மேல்பூச்சும் போனது. கடைசியில் ஒரு நாள் கொய்யாப்பழத்தைக் கடித்தேன், முன்பல் ஒன்று கொய்யாப்பழத்திலேயே தங்கிவிட்டது. அத்துடன் அந்த உத்தியோகம் முடிந்தது. வலது பாதியையாவது அவர் விட்டுவைத்தார் என்று இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

அதனால் ரோசிக்குப் பொடியே கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். உமிக்கரி கூடாது. செங்கல்தூள் கூடவே கூடாது. அத்தானின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நனைத்து, விரலில் சுற்றிக்கொள்வேன். முன்பல், உள்பக்கம், கடைவாய், கடைசியில் நாக்கு. முதலில் நாக்கைத் தொட்டால் ஓக்காளம் வந்துவிடும். இதையெல்லாம் என் வாயைக் கொண்டு கற்றேன். எதை எதைச் செய்யக் கூடாதோ அதெல்லாம் என் வாய்க்கு நடந்திருந்தது.

கமர்கட் யுத்தம்

வெளியே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் இன்னொன்று நடந்தது. அக்கா ரோசியின் வசம்பு வளையத்தைத் தேனில் தோய்த்துக் கடிக்கக் கொடுப்பாள். நான் பிடுங்கிக் கழுவுவேன். அக்கா மறுபடி தோய்ப்பாள்.

“கொழந்தைக்கு ஆசையா ஒண்ணு குடுக்கக் கூடாதாடா?”

“உன் ஆசைக்கு என் உசிரு போகணுமா? அது என்னோட பல்லு, அக்கா.”

தேனாவது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. அத்தான் மறைந்திருந்து தாக்குகிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது ஜிப்பாப் பையில் கமர்கட் வாங்கிவந்து, என் கண்ணில் படாமல் மகள் வாயில் போட்டுவிடுவார். கமர்கட் என்பது வெல்லமும் தேங்காயும் சேர்ந்து பல்லுக்கு எதிராகச் செய்துகொண்ட உடன்படிக்கை. உள்ளே போனால் பல்லில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நகராது.

“அத்தான், பாப்பா வாயில என்ன?”

“எதுவும் இல்லையே. ரோசி, மாமாகிட்ட வாயைத் திறக்காதே.”

இப்படிச் சொல்கிற மனிதர்தான் நாளெல்லாம் முப்பது பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் ரோசியைத் தோளில் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர்ப் பக்கம் போனேன். அங்கே ஒரு பல்வைத்தியர் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் ஒரு முழு பல்செட்டை இளித்தபடி உட்கார்த்தியிருந்தார். “பல்லு வெளக்கலைன்னா இந்த மாதிரி பொட்டியில போட்டு வெச்சுடுவாங்க” என்று பயமுறுத்தினேன். ரோசி சற்று நேரம் அதையே பார்த்தாள். அது சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அது வேண்டும் என்று கையை நீட்டி அழ ஆரம்பித்தாள். வைத்தியர் வெளியே வந்து, என் வாயைப் பார்த்துவிட்டு, “உள்ளே வாங்களேன்” என்றார். நான் ஓடிவந்துவிட்டேன்.

பாதிப் பாலம்

சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாதே. எல்லைக்கு உட்பட்ட வேலையாகத் தேடி, ராயப்பேட்டையில் பந்தல் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் காதர் பாயிடம் சேர்ந்தேன். மூங்கில் தூக்குவது, கீற்று கட்டுவது, பந்தல்மேல் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பது. கடைசி வேலைக்கு மட்டும் கூலி இல்லை.

ஒரு நாள் அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களாவில் கல்யாணம். தோளில் மூங்கிலோடு பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலம் வந்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த காதர் பாய் மோதிக்கொண்டார்.

“அரே, ஏன் நின்னுட்டே?”

“ஆத்தைத் தாண்டக் கூடாது பாய்.”

“டாக்டர் சொன்னாரா?”

“இல்ல. பல்லு.”

“உன் பல்லா?”

“அக்கா பொண்ணு பல்லு.”

காதர் பாய் ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பாப்பா வாயில இருக்கற பல்லு, பிரிட்ஜ்மேல நிக்கற உன்னை எப்படி ஜி கடிக்கும்?”

விளக்கிச் சொன்னேன். ஆடி, ஆவணி, ஐப்பசி எல்லாம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கும் நாலு அக்கா, தங்கைகள், அவர்களுக்குப் பிள்ளைகள். எதற்கு வம்பு என்று நினைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தெற்கே பந்தல் என்றால் நான் பாதிப் பாலம்வரை சுமப்பேன், அங்கிருந்து வேறொருவன் தோள் மாற்றிக்கொள்வான். “நம்ம சவரி ஆஃப் பிரிட்ஜ் ஆளு” என்று பாய் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மற்றவர்கள் அக்கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஜெயிலில் இருந்தவன் நான். ஜெயிலில்கூட அவ்வளவு ஏக்கமாக இருந்ததில்லை. ஜெயிலுக்கு வெளியே காற்று இப்படி அடிப்பது உள்ளே தெரியாது.

ஜெயில் கதை வேறொரு இடத்தில் வரும். இது பல்லின் கதை.

கோரைப்பற்கள் நான்கும் வந்தன. வரும்போது ரோசி ராத்திரியெல்லாம் அழுதாள், பகலெல்லாம் எதையாவது கடித்தாள். கட்டில் கால், அத்தானின் பிரம்பு, ஜெபப் புத்தகத்தின் முனை. பிறகு கீழ்க் கடைவாயில் இரண்டு. மேலே இடது பக்கம் ஒன்று. வருஷம் ஓடிவிட்டது. பத்தொன்பது ஆயிற்று. மேல் வரிசையில் வலது கோடியில் ஒரே ஒரு இடம் காலி. அந்த ஈறு மட்டும் வழுவழுவென்று, எனக்கு என்ன அவசரம் என்று கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் காதர் பாய்க்கு ஒரு பெரிய காண்டிராக்ட் கிடைத்தது. ஊர் ஊராகப் போகிற பொருட்காட்சி ஒன்றுக்குப் பந்தல் போட வேண்டும். நெல்லூர், குண்டூர், அதற்கும் வடக்கே. வர ஒரு வருஷம்கூட ஆகலாம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

“வர்றியா ஜி?”

“ஒரே ஒரு பல்லு பாக்கி, பாய்.”

“ஒரு பல்லுக்காக என் வண்டி நிக்கணுமா? இந்த ஞாயித்துக்கிழமை தாண்டி திங்கள் காலைல கெளம்பறோம். பல்லைச் சீக்கிரம் வரச் சொல்லு.”

அந்த வாரம் முழுக்க ரோசியின் ஈறை நான் தடவித் தடவிப் பார்த்ததில் அவளுக்கே சந்தேகம் வந்து, என்னைக் கண்டால் வாயைக் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

அஞ்சலை சொன்னது

ஞாயிறு பூசை முடிந்து வந்தேன். பின்வாசலில் அஞ்சலை சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் ரோசியின் வாயைத் திறக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“இன்னாத்துக்கு அந்தப் புள்ள வாயயே பாத்துக்கினு கீற? வாயில புதையலா கீது?”

“கடைசிப் பல்லு வரணும் அஞ்சலை. மேல்பல்லு மொதல்ல வந்த கொழந்தையாச்சே, எனக்கு ஆகாது.”

அவள் கத்தியை நிறுத்தினாள்.

“மேல்பல்லா? ஆரு சொன்னது? கீயால ரெண்டு அரிசியாட்டம் வந்துச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன். ஈறு வெள்ளையா கீதேன்னு வெரல வுட்டேன், நறுக்னு கடிச்சிடுச்சு. உங்க அக்கா சந்தோசத்துல கொயக்கட்ட சுட்டு, புள்ள தலைல கொட்னாங்களே. எனக்குக்கூட ஒரு தொன்ன குட்த்தாங்க.”

முதல் பல் வந்தால் குழந்தை தலையில் சின்னச் சின்னக் கொழுக்கட்டையாகக் கொட்டுவது வழக்கம். மேல்பல் முந்தி வந்த வீட்டில் யாரும் சந்தோஷமாகக் கொழுக்கட்டை கொட்டமாட்டார்கள். பாதிப் பாலத்தில் நின்ற நாட்களெல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அக்கா உள்ளே முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ரோசிக்கு மொதல்ல எந்தப் பல்லு வந்துது?”

கல் பொறுக்குகிற கை நிற்கவில்லை. “அஞ்சலை சொன்னாளா?”

“நீ சொல்லு.”

“கீழ்ப்பல்லு.”

“அப்போ இத்தனை நாள் சொன்னது?”

“பொய்.”

“கோயிலுக்குப் போறவ பொய் சொல்லலாமா?”

“பாவசங்கீர்த்தனத்துல அந்தப் பாவத்தைச் சாமியாருகிட்ட சொல்லிட்டேன். அவரு ஜெபமாலை உருட்டி ஒரு ஐம்பத்துமூணு மணி ஜெபம் சொல்லச் சொன்னாரு. சொல்லியாச்சு. தீந்துபோச்சு.”

“என்கிட்ட உண்மையைச் சொல்லச் சொல்லலியா?”

“சொன்னாரு. எப்போன்னு சொல்லல.”

பக்கத்து அறையில் பேப்பர் குலுங்கும் சத்தம் கேட்டது. இந்த முறை அது காற்று இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீ போன தடவை ரெண்டு வருசம் ஒரு கடுதாசி போடல. உன் பேர்ல ஒரு பூசை வைக்கலாம்னு கோயிலுக்குப் போனேன். சாமியாரு கேட்டாரு, உசுரோட இருக்கறவருக்கா, எறந்தவருக்கான்னு. எனக்குச் சொல்லத் தெரியலடா. காசைக் கையில வெச்சுக்கிட்டே திரும்பி வந்துட்டேன்.” முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். “இப்போதான் தெரிஞ்சுபோச்சுல்ல. போ. பாலம் தெறந்துதான் இருக்கு.”

நான் போய் மூட்டையைக் கட்டினேன். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் மூட்டையை இரண்டு முடிச்சுக்குப் பதிலாக நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

திங்கட்கிழமை மணி

மறுநாள் காலையில் காதர் பாயின் மாட்டுவண்டிகள் தெருமுனையில் வந்து நின்றன. மூங்கிலும் கயிறும் வானம்வரை ஏற்றியிருந்தார்கள். “சவரீ!” என்று பாயின் குரல் கேட்டது. மூட்டை என் தோளில் இருந்தது.

கிணற்றடியில் ரோசி உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்க் கிண்ணத்தையும் உப்பையும் துணியையும் தானே எடுத்துவந்து முன்னால் பரப்பி வைத்திருந்தாள். உப்பு பாதி தரையில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ‘ஆ’ என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் பொத்தி வைத்திருந்த வாய்.

ஒரு தடவை விளக்கிவிட்டுப் போனால் வண்டி ஓடிவிடாது. மூட்டையை இறக்காமலே குந்தினேன். முன்பல். உள்பக்கம். கடைவாய்க்கு விரல் போய்ச் சேர்ந்த நேரத்தில் கோயில் மணி அடித்தது.

அவள் வாயை மூடினாள்.

எனக்குப் பழகிய வலிதான். எங்கெங்கே வலிக்கும் என்று விரலுக்கே தெரியும். அன்று வலி இடம் மாறியிருந்தது. வலது கோடியில், மேலிருந்து, இதுவரை யாரும் குத்தாத ஓரிடத்தில் புதிதாக ஒன்று சுருக்கென்று இறங்கியது. நான் கத்திய கத்தலில் கிணற்றுமேல் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “என்னடா?”

கடைசி மணியின் ரீங்காரம் அடங்கி ரோசி விட்டதும் விரலை வெளியே எடுத்துப் பார்த்தேன். பழைய தடங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புதுத் தடம்.

“ஒண்ணுமில்ல” என்றேன். “அந்தக் கடைசிப் பல்லு இன்னும் வரலக்கா. வந்ததும் போறேன்.”

அக்கா என் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அதுதான் பொய்யின்னு சொல்லிட்டேனே.”

“நீ பொய்யின்னு சொன்னா ஆச்சா? பெரியவங்க சொன்னதை மீறக் கூடாது.”

“எந்தப் பெரியவங்க?”

“செத்துப்போனவங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தமாக உருண்டன.

தெருமுனைக்குப் போய்ச் சொன்னேன். காதர் பாய் வண்டியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். “அரே, ஒரு பல்லுக்கு இவ்ளோ திமிரா!” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். வண்டிகள் வடக்கே போவதைக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். கால் அரித்தது. அதை மறு காலால் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா ரேஷன் அரிசியை மிச்சம் பிடித்து முறுக்கு சுட்டாள். வழக்கமான முறுக்குத்தான். அத்தான் தன்னுடையதைக் காப்பியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் என் பங்கைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் மதலேன்,” என்றார் அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “அந்த இருபதாவது பல் வர இவ்வளவு மாதம் ஆகுமா? சயன்ஸ் புத்தகத்தில் அப்படி இல்லையே.”

“சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும்” என்றாள் அக்கா.

ரோசி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்த என் முறுக்கை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயின் வலது கோடியில், மேலே இன்னும் முளைக்காத அந்தப் பல்லுக்கு நேரே வைத்து, ஒரே கடியில் உடைத்தாள். கட்டடம் இடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பின்வாசலில் இருந்த அஞ்சலைகூட “இன்னா அது?” என்று கத்தினாள்.

எங்கள் மூவரில் யார் காதிலும் அது விழவில்லை.